அபராத ஆடு

ரூவோ ஆற்றுக்கு இக்கரையில்
நாலு ஊருக்கு நான் ஒருவன்.
மலாவி அரசாங்கம் தந்தது ஒரு சைக்கிள்,
நீலப் பெட்டி ஒன்று,
பிள்ளைகளின் புஜத்தைச் சுற்றி அளக்க
சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாய் ஒரு நாடா,
பத்து வாரப் படிப்பு,
ஒரு பதிவேடு.

பதிவேட்டில் 'பிரசவம் நடந்த இடம்' என்று கேட்டு
இரண்டு கட்டம் போட்டிருக்கிறது:
ஆஸ்பத்திரி. வீடு.
வீட்டில் டிக் விழுந்தால்
பேறு பார்த்தவள்
ஊர்த்தலைவருக்கு ஓர் ஆடு கட்ட வேண்டும்.

குறை சொல்லவில்லை.
அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கியவர்களில் நானும் உண்டு.
அந்த வருடம் மூன்று பேரைச் சிட்டெஞ்சே துணியில் சுற்றித்
தூக்கிப் போனோம்.
மூன்றாவது, என் அண்ணன் மனைவி மெலிஃபா.
நஞ்சுக்கொடி இறங்கவில்லை.
பக்கத்தில் இருந்தவள் டொரோஃபீனா.
நானும் அவள் கை வழியாக வந்தவன்தான்.

சட்டம் வந்த மறுநாள் அவள் பிளேடுகளை
என் முன்னால் கக்கூஸ் குழியில் போட்டாள்.
அதன்பிறகு அவள் வேலை நடப்பது.
நிறைமாதக்காரிகளோடு பதினோரு கிலோமீட்டர்,
ஆஸ்பத்திரி வாசல்வரை.
வாசலுக்கு உள்ளே அவளை விடுவதில்லை.

பிப்ரவரியில் பாலம் போய்விட்டது.
லுசியாவுக்குப் பனிக்குடம் பருத்திக் கொட்டகையில் உடைந்தது.
சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு
சேற்றில் நான் போய்ச் சேர்ந்தபோது
பிள்ளை கத்திக்கொண்டிருந்தது,
கொடி இன்னும் அறுபடவில்லை.
டொரோஃபீனா கை நீட்டினாள்.
நீலப் பெட்டியில் உறை பிரிக்காத பிளேடு இருந்தது.
கொடுத்தேன்.

கொட்டகைக்குக் கட்டம் இல்லை.
வீட்டில் டிக் போட்டேன்.
பிளேடு கொடுத்த அதே கை.

ஒரு காது மட்டும் வெள்ளையான கறுப்பாடு,
சினை வேறு.
இழுத்துப் போனபோது அவள் வெளியே வரவில்லை.

ஒன்பதாம் இரவு, கொட்டுகிற மழையில்
தலைவர் சிமோம்போ டார்ச்சோடு வந்து என் கதவைத் தட்டினார்.
ஆடு அந்தியிலிருந்து முக்குகிறதாம்.
ஒற்றைக் கால் மட்டும் வெளியே.
"நீ மருத்துவம் படித்தவன்தானே?"
பத்து வாரத்தில் ஆட்டுக்குப் பாடம் இல்லை.
ஒரு பெயர் சொன்னேன்.
அவர் டார்ச்சை அணைத்தார்.
பிறகு போட்டார்.

அவள் கதவைப் பாதி திறந்து எல்லாம் கேட்டாள்.
"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லையா?"
தலைவர் தன் செருப்பைப் பார்த்தார்.

நகம் வெட்டினாள்.
என் சோப்பில் முழங்கைவரை மூன்று முறை கழுவினாள்,
நான் வகுப்பெடுத்தபடியே, வாய்விட்டு எண்ணிக்கொண்டு.
கையுறை கேட்டாள். அரசாங்கக் கையுறை. கொடுத்தேன்.
வெளியே நீண்ட காலை உள்ளே தள்ளிக்
கண்ணை மூடிக்கொண்டு எதையோ துழாவினாள்,
இன்னொருத்தி பையில் சாவி தேடுகிறவள் மாதிரி.
முதல் குட்டி.
பின்னாலேயே இன்னொன்று,
அது மூச்சில்லாமல் தொங்கியது.
பின்னங்காலைப் பிடித்து ஒரு வீச்சு.
தும்மியது.

விடிகாலையில் தலைவர், "ஆட்டை ஓட்டிப் போ" என்றார்.
"அது கட்டின அபராதம்" என்றாள்.
"நான் கட்டியது ஒன்று. இப்போது மூன்று நிற்கிறது.
மிச்சத்தைக் கொடுங்கள்."

அவர் சிரித்துவிட்டார்.
அவள் கையை நீட்டியபடியே நின்றாள்.

அன்று பதிவேட்டில் பென்சிலால்
மூன்றாவது கட்டம் ஒன்று வரைந்தேன்: வழியில்.
லுசியாவின் டிக்கை அங்கே மாற்றினேன்.

மாதக் கடைசியில் மாவட்ட அதிகாரி வந்து
ரப்பரால் அழித்தார்.
அழுத்தி அழித்ததில் அந்த இடத்தில் தாள் மெலிந்துவிட்டது.
வெளிச்சத்தில் பிடித்தால்
பின்பக்கம் தெரிகிறது,
போன வருடத்துப் பட்டியல்,
மெலிஃபா என்ற பெயர்
இடம் வலம் மாறி.